முயல் மூஞ்சி, பொஸம் தோல்: சொந்தமா டப்பிங் கலந்து ஃப்ளை கட்டின கதை

கடையில டப்பிங் பாக்கெட் வாங்கினா உள்ள இருக்கறது எல்லாம் ஒரே கலர், ஒரே நீளம், ஒரே சாஃப்ட்டு. அதை வச்சு கட்டினாலும் மீன் வரும், வராமல்லாம் இல்ல. ஆனா ஒரு முழு முயல் மூஞ்சித் தோலை மேசையில போட்டு கத்திரியும் கையுமா உக்காந்தீங்கன்னா அந்த ஒரு தோல்லயே ஆறேழு விதமான சரக்கு இருக்கறது தெரியும், காதுல இருக்கறது ஒண்ணு, கன்னத்துல இருக்கறது வேற, தாடைக்கு அடியில இருக்கறது அதுக்கும் சம்பந்தமே இல்லாத ஒண்ணு. என்ன மிருகம்ங்கறதை விட அது உடம்புல எந்த எடத்து முடிங்கறதைத்தான் நான் பாப்பேன்.

புதுசா படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. ட்ரவுட் மீன் பிடிக்க ஹூக்ல நூல், முடி, இறகு எல்லாம் சுத்தி பூச்சி உருவம் கட்டறதுதான் ஃப்ளை. அந்தப் பூச்சிக்கு உடம்பு வரணும்ல, அதுக்கு மெழுகு போட்ட நூல்ல முடியைத் திரிச்சு ஹூக் மேல சுத்துவாங்க, அந்த வேலைக்கும் டப்பிங்னுதான் பேரு, அந்த முடிக்கும் அதே பேருதான். தண்ணிக்கு அடியில ஓடற புழுப் பருவத்துப் பூச்சிக்குக் கட்டறது நிம்ஃப், மேல மிதக்கறது ட்ரை ஃப்ளை. இப்போதைக்கு இவ்ளோ போதும்.

நான் இருக்கறது நியூசிலாந்துல தெற்குக் கோடி, சவுத்லேண்ட். மடாரா ஆறு பக்கத்துல ஓடுது, கோர் டவுன்ல பெரிய ப்ரௌன் ட்ரவுட் சிலையே வச்சிருக்காங்க, அந்த அளவுக்கு இந்த ஊருக்கு மீன் பைத்தியம். வேடிக்கை என்னன்னா இங்க எல்லாமே கப்பல்ல வந்ததுதான். ப்ரௌன் ட்ரவுட் முட்டை டாஸ்மேனியாவுல இருந்து 1867ல வந்துச்சு, முயலை வேட்டைக்குன்னு பிரிட்டிஷ்காரங்க கொண்டு வந்து விட்டாங்க, பொஸம்ங்கற மரநாய் சைஸ் ஆஸ்திரேலிய மிருகத்தை ரோமத் தொழிலுக்காக ரிவர்டன் பக்கம் 1837ல விட்டுப் பாத்து அது நிக்கல, அப்புறம் 1858ல விட்டது வேர் புடிச்சு இன்னிக்கு காட்டையும் பறவை முட்டையையும் தின்னு தீக்குது. 2050க்குள்ள பொஸம், எலி, கீரி மாதிரி இருக்கற ஸ்டோட் மூணையும் நாட்டை விட்டே ஒழிக்கணும்னு 2016ல அரசாங்கமே திட்டம் அறிவிச்சிருக்கு. அதனால இங்க பொஸம் முடியை எடுக்கறதுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, நீ எடுத்தா புண்ணியம்னுதான் சொல்லுவாங்க.

பக்கத்து ஃபார்ம்காரர் ராத்திரியில முயல் சுடுவாரு, பொறி வச்சு பொஸம் புடிப்பாரு. கறி அவரோட நாய்க்கு, தலையும் தோலும் எனக்கு. குளிர்காலத்துல, அதாவது ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அடிச்சதுதான் வேணும்னு முன்னாடியே சொல்லி வச்சிடுவேன், அப்போதான் அடிமுடி, அதாவது தோலை ஒட்டி இருக்கற பஞ்சு, அடர்த்தியா இருக்கும். கோடைத் தோல்ல முடி பாதி உதிர்ந்துக்கிட்டே இருக்கும், கையில எடுத்தாலே வரும், ஆனா பஞ்சு இருக்காது.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லிடறேன். நியூசிலாந்துல மாட்டுக்கு வர்ற டிபியை பரப்பறதுல பொஸம்தான் முக்கியமான காட்டு மிருகம். அதனால பச்சைத் தோலைத் தொடும்போது ரப்பர் கிளவுஸ் கட்டாயம், நறுக்கும்போது மாஸ்க், வேலை முடிஞ்சதும் பலகை கத்தி எல்லாம் சோப்புத் தண்ணியில. ரோட்டுல அடிபட்டுக் கெடக்கறதையும் சிலர் எடுக்கறாங்க, நான் அதைத் தொடறதில்ல, எப்போ செத்துச்சு எதுனால செத்துச்சுன்னு நமக்கு என்ன தெரியும்.

தோலைப் பதப்படுத்தறதுக்குப் பெரிய டேனிங் வேலையெல்லாம் வேண்டாம், நமக்கு வேண்டியது முடிதான், தோல் கெட்டுப் போகாம காஞ்சா போதும். வந்ததும் ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர், ஒரு வாரமாவது. உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாம் அதுல முடிஞ்சிடும். "ஏங்க, இது என்னங்க, ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்துலயா வைப்பாங்க"ன்னு வீட்டுல ஒரு சத்தம் வரும், அதுக்கு பதில் சொல்ல வழியில்லாம கராஜ்ல ஒரு குட்டி ஃப்ரீசர் பழசு வாங்கிப் போட்டாச்சு. அப்புறம் தோலை வெளிய எடுத்து, உள்பக்கம் ஒட்டியிருக்கற கொழுப்பை மொண்ணைக் கத்தியால சுரண்டணும், முயல் தோல் ரொம்ப மெல்லிசு, அழுத்தினா கிழிஞ்சிடும், பொஸம் கொஞ்சம் தாங்கும். கொழுப்பு விட்டுட்டா பின்னாடி மஞ்சளா உருகி முடி வேர்ல ஏறிடும், அதுக்கப்புறம் எவ்ளோ கழுவினாலும் சிக்கு வாசம் போகாது. சுரண்டினதும் பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பான தண்ணியில அலசி, துண்டுல ஒத்தி, அட்டையில முடிப்பக்கம் கீழ இருக்கற மாதிரி குண்டூசி குத்தி, உள்பக்கம் பூரா போராக்ஸ் பவுடர் தேச்சு நிழல்ல காய விடணும். மொறமொறன்னு ஆனா ரெடி. வெயில்ல போடாதீங்க, கலர் வெளுத்துடும்.

இப்போ முயல் மூஞ்சிக்கு வருவோம். காதை விரலால நீவிப் பாத்தாலே தெரியும், முடி குட்டை, வெறைப்பு, அடியில பஞ்சே கிடையாது. நுனி பக்கம் கறுப்பு. இதைத் தனியா நூல்ல திரிச்சா நிக்கவே நிக்காது, பொலபொலன்னு கொட்டும். ஆனா இதுதான் ஃப்ளைக்கு அந்த முள்ளு முள்ளான தோற்றத்தைக் குடுக்கற சரக்கு. ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கற எடத்துல அடிமுடியும் அதுக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கற மேல்முடியும் சரிக்குச் சரி, ஒரே ஒரு எடத்து முடியை மட்டும் வச்சு கட்டணும்னா நான் இதைத்தான் எடுப்பேன். நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் குட்டையா டார்க்கா வரும். கன்னத்துல நீளம், வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, சாஃப்ட்டு. தாடைக்கு அடியில ஏறக்குறைய வெள்ளை. ஒரு மேல்முடியை மட்டும் பிச்சு ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, ஒரே முடிக்குள்ளயே ரெண்டு மூணு கலர் பட்டை பட்டையா இருக்கும், நுனி கறுப்பு, அதுக்குக் கீழ பழுப்பு, அப்படியே வெளுத்துக்கிட்டே போகும். சாயம் போட்ட பாக்கெட் சரக்குல இது வராது, ஒரே முடி முழுக்க ஒரே கலர்தான் இருக்கும். ஹூக்ல சுத்தினதுக்கு அப்புறம் தூரத்துல இருந்து பாத்தா ஒரு பழுப்பு, கிட்ட வந்தா அதுக்குள்ள பத்து பழுப்புன்னு தெரியறதுக்குக் காரணம் இதுதான்.

பொஸம் கதை வேற. முதுகுல நீளமான சாம்பல் முடி, அடிமுடி ரொம்ப ரொம்ப மெல்லிசு, இங்க மெரினோ கம்பளியோட கலந்து ஸ்வெட்டர் நெய்யறதே இந்த முடியிலதான். நூல்ல வச்சா ஒட்டிக்கும், திரிக்க வேண்டிய வேலையே பாதிதான். வயித்துல க்ரீம் கலர். வால்ல கறுப்பு, முரடு, டப்பிங்குக்கு ஆகாது, நிம்ஃபுக்கு வால் வைக்க ஆகும். எனக்கு ரொம்பப் புடிச்சது ஆண் பொஸத்தோட நெஞ்சு. அங்க ஒரு வாசனைச் சுரப்பி இருக்கு, மரத்துல தேச்சுத் தேச்சு எல்லையைக் குறிக்கறதுக்கு, அந்தச் சுரப்பு பட்டு நெஞ்சு முடி மட்டும் துருப்பிடிச்ச செம்பழுப்பா மாறிடும். ஒரு தோலுக்கு உள்ளங்கையில பாதி அளவுதான் கெடைக்கும். சாயம் போட்டு அந்தக் கலரைக் கொண்டு வரணும்னு நெனைச்சா தலைகீழா நின்னாலும் வராது.

இது ஒண்ணும் நான் புதுசா கண்டுபுடிச்சது கிடையாது. இங்கிலாந்துல டெவன் பக்கம் டிவர்டன் ஊர்ல புகையிலைக் கடை வச்சிருந்த ஆஸ்டின்ங்கற ஆளு 1900 வாக்குல ஒரு ஃப்ளை கட்டினாரு, அதுக்கு முக்கியமான சரக்கு கெடாவோட விதைப்பையில இருக்கற ரோமம். ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. ஃப்ளை மீன்பிடிப்புல பெரிய கையான ஸ்க்யூஸ் அதை வச்சு மீனா அள்ளிட்டு டப்ஸ் இண்டிஸ்பென்ஸபிள்னு பேரே வச்சுட்டாரு, ஆனா என்ன முடிங்கறதை ரொம்ப வருஷம் வெளிய விடவே இல்ல, ஆஸ்டின் போனதுக்கு அப்புறம் அவர் பொண்ணு கட்டி வித்தாங்க. அமெரிக்காவுல கேட்ஸ்கில் மலை ஆறுகளுக்காக ராய் ஸ்டீன்ராட் 1916ல கட்டின ஹெண்ட்ரிக்ஸன் ஃப்ளைக்கு செந்நரி வயித்து முடி, பின்னாடி வந்தவங்க இன்னும் ஒரு படி மேல போயி பெண் நரியோட சிறுநீர் பட்டு ரோஸ் ஏறின வயித்து முடிதான் வேணும்னாங்க. கேக்க ஒரு மாதிரியா இருக்கும், ஆனா அந்தக் கலரும் பளபளப்பும் அந்த எடத்துல மட்டும்தான் வரும்னா வேற என்ன பண்றது. சவுத்லேண்ட்ல ஆட்டுக்குப் பஞ்சமே இல்ல, கெடா வச்சிருக்கவர்கிட்ட போய் எப்படிக் கேக்கறதுன்னுதான் கூச்சம், இன்னும் கேக்கல.

கலக்கறதுக்கு ரெண்டு வழி வச்சிருக்கேன். ஒண்ணு காபி கிரைண்டர், பழைய சாமான் விக்கற ஆப் ஷாப்ல சல்லிசா வாங்கினது. முடியை அரை இஞ்சுக்குள்ள நறுக்கிப் போடணும், நீளமா போட்டா பிளேடு அச்சுல சுத்திக்கும். விட்டு விட்டு ரெண்டு தட்டு, அவ்ளோதான், தொடர்ந்து ஓட்டினா மேல்முடி எல்லாம் உடைஞ்சு தூளாயிடும், அப்புறம் பாக்கெட் சரக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். இன்னொண்ணு ஜாம் பாட்டில். பாதி அளவு வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு ஒரு சொட்டு, முடியைப் போட்டு மூடி நல்லா குலுக்கணும், டீ வடிகட்டியில ஊத்தி, சோப்பு போக அலசி, புழிஞ்சு பேப்பர் மேல வச்சா காலையில காஞ்சிருக்கும். இது லேட்டுதான், ஆனா முடி உடையாது, கூடவே இன்னொரு வாட்டி கழுவின மாதிரியும் ஆச்சு. எனக்கு பாட்டில்தான் இஷ்டம். வீட்டு மிக்ஸி பக்கம் மட்டும் போயிடாதீங்க, நான் சொல்ல வேண்டியதில்ல.

அளவு கண்ணாலதான். காது முடி ஒரு பங்குன்னா காதுக்கு நடுவுல உள்ளதும் கன்னமும் சேத்து ரெண்டு பங்கு, அதுக்கு மேல பொஸம் முதுகு அடிமுடி ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. பொஸம் இங்க பசை வேலை பாக்குது, வெறைப்பான காது முடியைப் புடிச்சு நூல்ல நிறுத்தறது அதுதான். பொஸம் கூடிப்போச்சுன்னா உடம்பு வழவழன்னு ஆயிடும். கலந்ததுல ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளை சாசர்ல தண்ணி ஊத்தி அதுல போட்டுப் பாக்கணும், இதை விட்டுடாதீங்க, ஏன்னா காஞ்ச முடியோட கலர் வேற, நனைஞ்சா ரெண்டு ஷேடு டார்க் ஆயிடும், மீன் பாக்கறது நனைஞ்ச கலரைத்தான். ஆத்துல ஒரு கல்லைப் புரட்டினீங்கன்னா அடியில தட்டையா ஒட்டிக்கிட்டு ஓடுமே, டெலியாடிடியம்னு ஒரு மேஃப்ளை நிம்ஃப், இந்த நாட்டு ஆறுகள்ல எங்க பாத்தாலும் அதுதான், அதை ஒண்ணு எடுத்து அதே சாசர்ல விட்டு பக்கத்துல வச்சுப் பாத்தா எதைக் கூட்டணும் எதைக் குறைக்கணும்னு தெரிஞ்சிடும். எனக்கு இன்னும் கொஞ்சம் டார்க் வேண்டியிருந்துச்சு, நெத்தி முடி சேத்தேன், சரியாப் போச்சு.

இனி திரிக்கறது. நூலுக்கு தேன்மெழுகு லேசா ஒரு இழு, இந்த ஊர் குளிர்ல மெழுகு கல்லா இருக்கும், சட்டைப் பாக்கெட்ல கொஞ்ச நேரம் வச்சு எடுங்க. முடியை சிட்டிகையில பிச்சு, அதை இன்னும் பிச்சு, விரலுக்கு நடுவுல புடிச்சா அந்தப் பக்கம் தெரியணும், அவ்ளோதான் ஒரு தடவைக்கு. நூலோட சேத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரே பக்கமா உருட்டணும், பாட்டி விளக்குத் திரி திரிக்கற மாதிரி, ஆனா பாட்டி முன்னயும் பின்னயும் உருட்டுவாங்க, இங்க பின்னாடி வந்தீங்கன்னா திரிச்சது எல்லாம் அவுந்துடும். ஒரு திசை, விடு, மறுபடி அதே திசை. நுனி ஊசியா ஆரம்பிச்சு போகப் போகப் பருமன் ஏறணும், அதுக்கு ஒவ்வொரு சிட்டிகையா மேல மேல சேத்துக்கிட்டே போகணும், மொத்தமா அப்பினா உருண்டைதான் வரும்.

கட்டினது ஹேர் அண்ட் காப்பர், இந்த ஊர்க்காரங்க கண்ணை மூடிக்கிட்டு பாக்ஸ்ல போடற நிம்ஃப். 14ம் நம்பர் ஹூக், தலைக்கு காப்பர் கலர் டங்ஸ்டன் பீட் (குட்டி மணி), பழுப்பு நூல். வாலுக்கு முயல் மேல்முடி ஒரு சின்னக் கொத்து. அடுத்து காப்பர் வயரைக் கட்டி விட்டுட்டு, டப்பிங்கை வால்ல இருந்து ஹூக்கோட மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் சுத்தி, வயரை எதிர்த் திசையில நாலஞ்சு சுத்து. எதிர்த் திசையில சுத்தினாத்தான் வயர் முடி மேல குறுக்க ஏறி இறுக்கும், ஒரே திசையில போனா முடிக்கு நடுவுல அமுங்கிப் போயிடும், மீன் பல்லு பட்டா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும்.

நெஞ்சுப் பகுதிக்கு சாதாரணமா திரிச்சா போதாது, அங்க முடி சிலுத்துக்கிட்டு நிக்கணும், பூச்சிக்குக் கால் அதுதான். அதுக்கு நூலை லூப் போட்டு, மெழுகு தடவி, ரெண்டு நூலுக்கும் நடுவுல காது முடி அதிகமா இருக்கற கலவையைக் குறுக்குவாட்டுல பரப்பி, கீழ லூப்பைச் சுழட்டற டூலை மாட்டி ஒரு சுண்டு. லூப் சுத்தச் சுத்த முடி எல்லாப் பக்கமும் வெடிச்சு நிக்கும், பாக்கவே அழகு. ஒவ்வொரு சுத்துக்கும் முடியைப் பின்னால தள்ளிக்கிட்டே சுத்தணும், இல்லன்னா முன்ன வர்ற சுத்து பழசை அமுக்கிடும். முடிச்சு போட்டதும் ஐஸ்கிரீம் குச்சியில ஒட்டின வெல்க்ரோ துண்டால அடிப்பக்கமும் சைடும் ரெண்டு இழு இழுத்து விட்டேன், மேல்பக்கம் தொடல.

நூல் கலரைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, ஆனா பேசணும். நல்ல முடி நனைஞ்சா ஒளி ஊடுருவும், உள்ள இருக்கற நூல் வெளிய தெரியும். யார்க்‌ஷயர்காரங்க வாட்டர்ஹென் ப்ளோவான்னு ஒரு ஃப்ளை கட்டுவாங்க, மஞ்சள் பட்டு நூல் மேல துன்னெலி முடியை பேருக்குத் தூவின மாதிரி, தண்ணியில போட்டா சாம்பலுக்குள்ள மஞ்சள் தெரியும். அதைப் பாத்துட்டு நானும் பாதி ஃப்ளைக்கு பழுப்பு நூலை விட்டுட்டு வெளிர் மஞ்சள்ல கட்டினேன். ஆத்துல மஞ்சள் நூல் போட்டதுக்கு ரெண்டு நல்ல மீன் வந்துச்சு, பழுப்புக்கும் வந்துச்சு, அன்னிக்கு மடாரா லேசா கலங்கல் வேற, அதனால எது ஒசத்தின்னு தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டேன். மீன் கடிச்சுக் கடிச்சு முடி பிய்ஞ்ச ஃப்ளை புதுசை விட நல்லா வேலை செய்யுதுன்னு இங்க கிழவனார்கள் சொல்லுவாங்க, அதை நான் ஒத்துக்கறேன்.

ட்ரை ஃப்ளைக்கு இதே கலவையைப் போடலாமான்னா வேண்டாம். முயல் முடி தண்ணியைக் குடிக்கும், நிம்ஃபுக்கு அதுதான் வசதி. மிதக்கணும்னா தண்ணியிலயே வாழற மிருகத்தோட அடிமுடி வேணும், பீவர், மஸ்க்ராட், மிங்க். இல்லன்னா வட அமெரிக்க ஸ்னோஷூ முயலோட பாதம், அந்த முடி சுருள் சுருளா காத்தைப் புடிச்சு வச்சுக்கும், பாருங்க, அதே முயல்தான், உடம்பு முடி முங்கும், பாதத்து முடி மிதக்கும். இங்க இதெல்லாம் கெடையாது, வெளிநாட்டுல இருந்து தோல் வரவழைக்கறதுன்னா பயோசெக்யூரிட்டி கெடுபிடி, அதுக்கு மட்டும் நானும் கடைப் பாக்கெட்தான்.

ஊட்டியில இருந்து ஃப்ளை கட்டற ஒரு தம்பி கேட்டாப்ல, அண்ணே அங்க மாதிரி இங்கயும் முயல் புடிச்சுப் பண்ணலாமான்னு. கூடவே கூடாது தம்பி. நீலகிரியில அவலாஞ்சி ட்ரவுட் பண்ணை 1907லயே வந்தது, ட்ரவுட் இருக்கறது வாஸ்தவம், ஆனா நம்ம ஊர்க் காட்டு முயல், நீர்நாய், கீரி எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது. கீரி முடி பட்டை பட்டையா டப்பிங்குக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கும், யாராவது பிரஷ் முடின்னு சொல்லி நீட்டினாலும் வாங்காதீங்க. கறிக்கு வளக்கற பண்ணை முயல் தோல் கேட்டா சும்மாவே குடுப்பாங்க, அதுல பொஸம் வேலைக்கு ஆகற அடிமுடி தாராளமா இருக்கு. வெறைப்புக்கு வெள்ளாட்டு முடியைக் குட்டையா நறுக்கிக் கலக்கணும். நாய் முடியும் நல்ல சரக்குதான், ஆனா ராஜபாளையம், கன்னி எல்லாம் குட்டை முடி, அடிப்பஞ்சு தேறாது. பொமரேனியன் வச்சிருக்க வீட்டுல சொல்லி வச்சா சீப்புல சேர்றதை ஒரு கவர் நிறையக் குடுப்பாங்க. வெள்ளையா இருக்குமேன்னு யோசிக்காதீங்க, சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிட்டு, ஸ்ட்ராங்கா டீ டிகாஷன் போட்டு அதுல கொஞ்ச நேரம் ஊற விட்டா நல்ல இளம் பழுப்பு ஏறும், இன்னும் டார்க் வேணும்னா ராத்திரி பூரா விடுங்க. கொதிக்க மட்டும் வைக்காதீங்க, முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும்.